அக்காள் தேர்ந்தெடுத்த டிவி

தென்காசிப் பக்கம் மேட்டுத்தெருவில் சுவர்கள் நகர ஆரம்பித்தது ஓர் ஆடி மாதம், சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில். முதலில் நகர்ந்தது ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர் குற்றாலிங்கம் வீட்டுச் சுவர். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மகன், துணைக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கடைக்குக் கூட்டிப்போய், அவர் நன்றாயிருக்கிறது என்று சொன்னதை வாங்கி மாட்டிவிட்டுப் போன டிவி அவர் ஹாலுக்கு ரொம்பவே பெரிது, நாற்காலியை எவ்வளவு பின்னால் இழுத்துப் போட்டாலும் வருகிறவன் போகிறவனுடைய மூக்குதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர், பஸ்ஸில் மரியாதை தெரிந்த மனுஷன் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிற மாதிரி, ஒரு முழம் பின்னால் போய் நின்றுகொண்டது. விரிசல் கிடையாது, ஒரு பொட்டு மண் உதிரவில்லை, சுவரில் தொங்கிய காலண்டர் தாள்கூட ஆடவில்லை, காலண்டருக்குப் பின்னால் குடியிருந்த பல்லியும் கூடவே போனது. பக்கத்து வீட்டில் அந்த ஒரு முழம் குறைந்தது. குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இப்பொழுது முகம் தெரிகிறது என்றார்.

மேட்டுத்தெருக்காரர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளந்து நிற்கிற ஆட்கள் இல்லை. குழாயில் தண்ணீர் வராமல் காற்று வந்து, அந்தக் காற்றுக்கும் மீட்டர் ஓடுகிற ஊரில் இருப்பவர்களுக்குச் சுவர் நகர்வது ஓர் அதிசயமா? அவர்களுக்கு வந்ததெல்லாம் நடைமுறைச் சந்தேகங்கள்தான். சுவரோடு போன ஆணி யாருக்குச் சொந்தம், ஆணியில் தொங்குகிற முருகன் படம் யாருக்குச் சொந்தம், உள்ளே ஓடுகிற கரண்டு வயர் அறுந்துபோகாதா? வயர் அறுந்துபோகவில்லை, வேண்டிய மட்டும் நீண்டுகொடுத்தது. கோயில் கமிட்டியில் கூடி உட்கார்ந்து வடையும் காப்பியுமாகப் பேசியதில், மனுஷன் தள்ளிய சுவர் என்றால் போலீசுக்குப் போகலாம், தானாகப் போன சுவர் என்றால் அது அம்மனாகப் பார்த்துச் செய்வது, அதற்கு யாரிடம் போய் மனு கொடுக்க முடியும் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு கல்யாணத் தரகர்கள்கூட மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், ஹாலில் எத்தனை இஞ்ச் மாட்டியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இன்னொரு மாற்றமும் வந்தது. முதுகோடு முதுகு ஒட்டினாற்போல வீடு கட்டிக்கொண்டு, சாக்கடைக்கும் முருங்கைக் கிளைக்கும் பரம்பரை பரம்பரையாகச் சண்டை போட்ட சனம் திடீரென்று தேனாய் ஒழுக ஆரம்பித்தது. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் பணியாரம் போனது. பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தவர்கள் வலியப் போய்ப் பேசி, "டிவி பாக்கப் போறோம், நீங்களும் கூட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று ஆட்டோ வைத்து அழைத்துப் போனார்கள். ஆவுடையம்மாள் இதைப் பார்த்து, நம்ம தெருக்காரர்களுக்கும் புத்தி வந்துவிட்டது என்று மனதாரச் சந்தோஷப்பட்டாள். பாவம், அவள் மாவாட்டி விற்கிறவள். கிரைண்டர் சத்தத்தில் ஊர்ப்பேச்சில் பாதிதான் அவள் காதில் விழும்.

ஆவுடையம்மாளும் தம்பி பிரமநாயகமும் இருந்தது ஒரே வீடு, இரண்டு வாசல். அவர்களுடைய அப்பா கண்ணை மூடுவதற்கு முன்னால் நடுவில் ஒரு செங்கல் சுவரை எழுப்பி, மேற்கே இருந்த மேலப்பாதி மகளுக்கு, கிழக்கே இருந்த கீழப்பாதி மகனுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். புருஷனை லாரிக்குப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமல் திரும்பி வந்த மகள் நாளைக்கு யார் கையையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்று அவர் நினைத்தார். நல்ல மனுஷன். மேலப்பாதி ஹாலில் அவள் இரண்டு பெரிய கிரைண்டரும் ஒரு பழைய ஃபிரிட்ஜும் போட்டு, மேட்டுத்தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருவுக்கும் இட்லி மாவு கொடுத்துவந்தாள். அந்த ஹால்தான் அவளுக்குச் சோறு போட்டது.

தெரு அவளை மாவுக்குத் தேடும். விசேஷத்துக்குத் தேடாது. தாலியறுத்தவள் என்று வளைகாப்புக்கும் கூப்பிட மாட்டார்கள், புதுமனைக்கும் கூப்பிட மாட்டார்கள். தம்பியின் கல்யாணத்திலேயே, மூன்றாவது முடிச்சுப் போட வேண்டிய உடன்பிறந்தவள் மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரங்களோடு நின்றாள். முடிச்சை ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி போட்டாள். தம்பி பெண்டாட்டி தெய்வக்கனி நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது, மேலப்பாதிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள். ஆவுடையம்மாளும் அது தெரிந்து கதவைச் சாத்தியே வைத்திருப்பாள். பழகிப்போயிற்று என்று சொல்லிக்கொள்வாள். அப்படியெல்லாம் எதுவும் பழகிப்போவதில்லை என்பது சொல்லிக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் பிரமநாயகம் பெண்டாட்டியோடு வந்து அவள் ஹாலில் உட்கார்ந்தான்.

"எக்கா, நாளைக்கு டிவி எடுக்கப் போறேம். நீயும் வரணும்."

"எனக்கு என்னல தெரியும் டிவியப் பத்தி? மாவு புளிச்சிருக்கா இல்லையான்னு கேளு, சொல்லுதேன்."

"நீ மூத்தவ. நீ பாத்து, உன் வாயால இதுதான்னு சொன்னாத்தான் எடுப்பேன். வீட்டுக்கு வந்ததும் பொட்டும் நீதான் வைக்கணும்."

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம். தெய்வக்கனியைப் பார்த்து, "நானாட்டி? பொட்டு வைக்க நானா?" என்று கேட்டாள்.

"நீங்க வைக்காம வேற யாரு மதினி வைப்பா?" என்றாள் தெய்வக்கனி.

அன்றைக்கு அரைத்த மாவில் உப்புப் போட மறந்துவிட்டாள் ஆவுடையம்மாள். பெட்டிக்கு அடியில் கிடந்த பச்சைப் பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் காயப்போட்டாள். மறுநாள் ஆட்டோவில் தம்பிக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தெருமுனை திரும்புகிறவரைக்கும், பார்த்தவர்களுக்கெல்லாம், "டிவி எடுக்கப் போறேம். தம்பி நான்தான் சொல்லணும்னு நிக்கான்" என்று கேட்காமலேயே சொல்லிக்கொண்டு போனாள். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிலர் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பெரிய கடையின் மாடியில் சுவர் முழுக்க டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. சின்ன டிவியில் சின்ன ஆறு, பெரிய டிவியில் பெரிய ஆறு. ஆவுடையம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு நடுத்தரமான ஒன்றைக் காட்டி, "இது போதாதால? எவ்வளவு லட்சணமா இருக்கு" என்றாள்.

"கண்ணுக்குக் கெடுதிக்கா. கொஞ்சம் பெரிசாப் பாரு."

அவள் அடுத்ததைக் காட்டினாள். அதுவும் போதாது என்றான். அதற்கு அடுத்ததைக் காட்டினாள். கடைசியில், வரிசையின் கோடியில், கல்யாண வீட்டு ஜமக்காளத்தை விரித்து நிறுத்தினாற்போல இருந்த ஒன்றின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினான். டை கட்டியிருந்த சேல்ஸ்மேன், இதைப் பார்க்க நன்றாகத் தள்ளி உட்கார வேண்டும் என்று சொல்லி, தரையில் அந்தத் தூரத்தை நடந்து காட்டினான்.

"எங்க வீட்டு ஹால்ல அவ்வளவு இடம் ஏதுய்யா?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

சேல்ஸ்மேன் பிரமநாயகத்தைப் பார்த்தான். பிரமநாயகம் மின்விசிறியைப் பார்த்தான். "அதெல்லாம் ஆயிரும்மா" என்றான் சேல்ஸ்மேன்.

"நீ சொல்லுக்கா. உனக்குப் பிடிச்சிருக்கா? உன் வாயால சொல்லு."

சின்னப் பையனாக இருந்தபோது திருவிழாவில் பலூன் கேட்டு நின்ற முகம் அவனுக்கு அப்போது வந்திருந்தது. அந்த முகத்துக்கு அவள் எப்போதும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

"இதுவே இருக்கட்டும்ல. அம்சமா இருக்கு."

சேல்ஸ்மேன் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா வாயால சொல்லிட்டாங்க. பேக் பண்ணுங்கப்பா" என்று குரல் கொடுத்தான். தெய்வக்கனி அவள் தலையில் ஒரு முழம் பிச்சிப்பூவை வைக்கப் போய், பிறகு ஞாபகம் வந்து கையில் கொடுத்தாள்.

டிவி வந்தது, மாட்டினார்கள். ஆவுடையம்மாள் மஞ்சளும் குங்குமமும் குழைத்து, நான்கு மூலைக்கும் நான்கு பொட்டு வைத்து, சூடம் காட்டினாள். இத்தனை வருஷத்தில் ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால் நின்றது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மேலப்பாதிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் குங்குமக் கையைக் கழுவ மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நடுச்சுவர் வந்தது. உளுந்து ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. முதுகில் ஏதோ பட்டதே என்று திரும்பினால், சுவர். விருந்துக்கு வந்தவர்கள் பந்தியில் நெருக்கி உட்கார்வதைப் போல மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டு, ஃபிரிட்ஜைத் தள்ளி, ஒரு கிரைண்டரைத் தள்ளி, இன்னொரு கிரைண்டரை அவள் இடுப்போடு அழுத்தி, பாதி ஹாலைத் தின்ற பிறகு நின்றது. அப்பா பூசிய சிவப்புத் தரையில் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது.

பிரமநாயகம் ஓடிவந்தான். "எக்கா! இது என்னக்கா அநியாயம்! நம்ம வீட்லயுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுதது பொய்யில்லை, கண்ணீர் வந்தது. ஆவுடையம்மாள்தான் அவனைத் தேற்றினாள்.

"விடுல. சுவரு போனதுக்கு நீ என்ன பண்ணுவ? நீயா தள்ளுன?"

தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அம்மன் செயல் என்றார்கள். மாவு வாங்க வந்தவர்கள் ஒருக்களித்து உள்ளே வந்து, ஒருக்களித்து வெளியே போகப் பழகிக்கொண்டார்கள். இரண்டு கிரைண்டருக்கு இடம் இல்லாததால், ஒன்றைக் கொல்லையில் தகரத்துக்கு அடியில் வைத்தாள். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கி மோட்டார் எரிந்துபோயிற்று. ஒற்றைக் கிரைண்டரில் எவ்வளவு ஆட்ட முடியும்? காலை இட்லிக்கு மாவு மத்தியானம் கிடைத்தால் யார் வாங்குவார்கள்? ஒவ்வொரு வீடாகப் பாக்கெட் மாவுக்குப் போய்விட்டது. ராத்திரியில் படுத்தால் தலை ஃபிரிட்ஜில் இடித்தது, காலை மடக்கித்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டிவி பார்க்க வா வா என்று தம்பி கூப்பிடுவான். போனால் சோபாவில் உட்காரவைத்து, "உன் வீடு மாதிரி உக்காருக்கா" என்பான். அவள் உட்காருவாள். காலுக்கு அடியில் அவளுடைய சிவப்புத் தரை இருக்கும், கிரைண்டர் நின்ற இடத்தில் வட்டமாக வெளுத்த தடம் இருக்கும். அதன்மேல் காலை வைக்காமல் தள்ளி வைத்துக்கொண்டு நாடகம் பார்த்துவிட்டு வருவாள்.

தை மாதத்தில் ஒருநாள் எதிர்வீட்டு ஆறுமுகத்தம்மாள், மாவுக்குத் தூக்குவாளியை நீட்டிக்கொண்டே, வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "ஏன் இப்படிக் குறுகிக் கெடக்க? நீயும் அதே மாதிரி ஒண்ண வாங்கி மேலச் சுவத்துல மாட்டு. வந்த சுவரு வந்த வழியே போயிரும்."

"அப்படியா மதினி? வேற ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

ஆறுமுகத்தம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு, மாவு வாங்காமலேயே போய்விட்டாள். அந்த வாரம்தான் அவள் தன் பக்கத்து வீட்டுக்குப் பணியாரம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்திருந்தாள் என்பது ஆவுடையம்மாளுக்குத் தெரியாது.

ஆவுடையம்மாள் கழுத்தில் கிடந்த ஒற்றைச் சங்கிலியை விற்றாள். விற்றுவிட்டு நேராகத் தம்பியிடம் போய், டிவி எடுக்கப் போகிறேன், கூட வந்து சொல் என்றாள். அவள் எடுத்துக்கொடுத்தாள், அவன் எடுத்துக்கொடுக்கட்டும், அதுதானே முறை? அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"எனக்கு என்னக்கா தெரியும்? நீயே பாத்து எடு."

"நான் சொன்னேம்லா? அதே மாதிரி நீயும் ஒரு வார்த்தை சொல்லு. அவ்வளவுதான்."

அந்த வாரம் அவனுக்கு வயிற்று வலி வந்தது. அடுத்த வாரம் ஆபீசில் ஆடிட் வந்தது. அதற்கு அடுத்து அஷ்டமி, பிறகு நவமி, பிறகு யாரோ தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவு. அக்காள் கேட்டு எதையும் தட்டாத தம்பி இப்படிச் செய்கிறானே, உடம்புக்கு ஏதும் பெரிதாக வந்திருக்குமோ என்று அவள் பயந்து, அவனுக்காக ஒரு வெள்ளிக்கிழமை அம்மனுக்கு எலுமிச்சை விளக்கும் போட்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கீழப்பாதி வாசலில் போய், "வால போவோம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு நின்றாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. அவனால் தட்ட முடியவில்லை.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் பெட்டிக்கடைக்குப் போய் வெற்றிலை வாங்கினான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி, கன்னம் புடைக்கிற மாதிரி வாய்க்குள் அடக்கிக்கொண்டான். பாக்குத்தூளைக்கூடத் தொட்டறியாதவன்.

"என்னல புதுப் பழக்கம்?" என்றாள்.

பல் வலி என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

மாடியில் அதே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அவள் முன்னைப்போல மலைக்கவில்லை. நேராகக் கோடிக்குப் போய், ஜமக்காளம் போல இருந்த அந்தப் பெரிய டிவியைக் காட்டி, "இதுல. சொல்லு" என்றாள். அவன் தலையை ஆட்டினான். "தலையாட்டாத, வாயால சொல்லு. நல்லாருக்கா?" அவன் ம்ம் என்று தொண்டைக்குள் முனகி, வாயைச் சுட்டிக் காட்டினான். வாய் நிறைய எச்சில், எப்படிப் பேசுவது என்று அர்த்தம்.

பக்கத்து வரிசையில் விரலுக்கு ஒரு மோதிரம் போட்டிருந்த ஒருவர், வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூச்சத்தோடு நின்ற ஒரு வயதானவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு டிவியின் முன்னால் நிறுத்தியிருந்தார். "அண்ணாச்சி, பக்கத்து வீடுன்னு பேருதான், நீங்க எனக்கு அண்ணன்லா? நீங்க சொன்னாத்தான் எடுப்பேன். உங்க வாயால ஒரு வார்த்தை" என்றார் மோதிரக்காரர். வயதானவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நல்லா இருக்குய்யா. இதையே எடுத்துக்கோ" என்றார். அதே டை கட்டிய சேல்ஸ்மேன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா வாயால சொல்லிட்டாங்க. பேக் பண்ணுங்கப்பா."

ஆவுடையம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அங்கே கிரைண்டர் சத்தம் இல்லை, எல்லாம் நன்றாகவே கேட்டது. சேல்ஸ்மேன் அவள் பக்கம் வந்ததும் கேட்டாள்.

"அது என்னய்யா, எல்லாரும் வாயால சொல்லு வாயால சொல்லுன்னு கேக்காவ?"

"சுவருக்கு அந்தப் பக்கத்துல இருக்கவங்க வாயால சொல்லாம சுவர் எப்படிம்மா நகரும்?" என்றான் அவன், வாரண்டி எத்தனை வருஷம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாக. "மாட்டுனா மட்டும் நகராதும்மா, ஊருக்கே தெரியுமே. சார் அப்பவே தனியா வந்து எல்லாம் விவரமாக் கேட்டுட்டுத்தான உங்களைக் கூட்டிட்டு வந்தாங்க?"

அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

ஹால் போனதுகூட அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூத்தவள் என்றானே. பொட்டு வை என்றானே. ஒருத்தியும் கூப்பிடாத கையைக் கூப்பிட்டுக் குங்குமத்தைக் குழைக்கச் சொன்னானே. அது பாசம் என்று நினைத்து, அந்தக் கையைக் கழுவாமல் வைத்திருந்தாளே, அந்த முட்டாள்தனத்தை நினைக்கும்போதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் அழுதபோது தேற்றினாளே. தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனாளே, அத்தனை பேரும் தெரிந்துகொண்டுதானே சிரித்தார்கள்! சுவர் தானாக வந்தது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கூடப் பிறந்தவன், அவள் வாயைக் கொண்டே அவள் வீட்டை இடித்துவிட்டான்.

ஆனாலும் அவள் சத்தம் போடவில்லை. அவன் அருகில் போய், மற்றவர்கள் கேட்காதபடி, கெஞ்சுகிற குரலில்தான் கேட்டாள்.

"சரிடா தம்பி. போனது போகட்டும். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த மூலையில தொட்டி இருக்கு, போய்த் துப்பிட்டு வா. ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் மாவாட்டிப் பொழைக்கணும்ல."

பிரமநாயகம் தொட்டியைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. பிறகு ஓடுகிற ஆற்றைப் பார்த்தான், அதில் ஏதோ ஒரு படகு வரப்போகிற மாதிரி பார்த்துக்கொண்டே நின்றான். கன்னம் அப்படியே புடைத்திருந்தது. கடைவாயில் சிவப்பாய் ஒரு கோடு இறங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டான். பக்கத்து வரிசையில் மோதிரக்காரர் வயதானவருக்குக் கூல்டிரிங்ஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சேல்ஸ்மேன், அம்மா பேக் பண்ணட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பதில் வராததால் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான்.

அவள் சங்கிலி விற்ற பணம் இருந்த பையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"துப்ப வேண்டாம்ல. முழுங்கு."

சின்ன வயதில் விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு அவள் சொல்கிற அதே குரல். அந்தக் குரலை அவன் ஒருபோதும் மீறியதில்லை.

முழுங்கினான். சுண்ணாம்பும் போயிலையும் நெஞ்சை அறுத்துக்கொண்டு இறங்க, முகம் வெளிறி, கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. பார்த்தவர்கள் அக்காளுக்காகத்தான் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். வாய் இப்போது காலியாகத்தான் இருந்தது. அதை அவன் திறக்கவில்லை.